மணிக்கட்டும் மைக்கும்

1984 அக்டோபர் 30ஆம் தேதி நாகர்கோவில் வானொலி நிலையம் பிறந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. மறுநாளே டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். டேவிட் கோவர் தலைமையிலான இங்கிலாந்து கிரிக்கெட் அணி அன்று விடியற்காலையில்தான் டெல்லியில் வந்து இறங்கியிருந்தது. சுற்றுப்பயணம் நடக்குமா என்றே தெரியாத நிலையில் அணி சில நாட்கள் இலங்கைக்குப் போய்த் திரும்பியது. நவம்பர் 27ஆம் தேதி பம்பாயில் பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த நாள் வாங்கடே மைதானத்தில் முதல் டெஸ்ட்.

அந்த டெஸ்டில் 18 வயதுச் சென்னைப் பையன் ஒருவன் லெக் ஸ்பின் வீசி ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 6 விக்கெட் எடுத்தான். மொத்தம் 12. இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. லட்சுமண் சிவராமகிருஷ்ணன் என்ற பெயர் அன்றைக்குத்தான் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. விளையாட்டு வர்ணனையின் வரலாற்றைச் சொல்லிவரும் இந்தத் தொடரில், ஆடியவரே பின்னாளில் வர்ணனையாளராக ஆன கதைக்கு அவரைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளிக்காக ஆடியபோது 12 வயதில் 2 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தவர் அவர். ரஞ்சிக் கோப்பையில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக அவ்வளவு இளம் வயதில் யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. அங்கே விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் விக்கெட் பம்பாயில்தான் வந்தது. கிரேம் ஃபவுலர் ஒரு ஃபுல் டாஸை அவர் கைக்கே திருப்பி அடித்துக் கொடுத்தார். அடுத்த டெல்லி டெஸ்டிலும் ஓர் இன்னிங்ஸில் 6 விக்கெட். தொடரை இந்தியா இழந்தாலும் சிவா 23 விக்கெட் எடுத்தார்.

1985 மார்ச் 10, மெல்போர்ன். உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் ஜாவேத் மியான்தத் 48 ரன்னுடன் நிலைத்து நின்றிருந்தார். சிவாவின் பந்துக்கு ஏறி வந்து ஏமாந்தார். விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். அன்றைக்கு அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இந்த ஒரு பந்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து மாதத்தில் எல்லாம் முடிந்தது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். அப்போது அவருக்கு 20 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 9 டெஸ்ட், 26 விக்கெட். ஆறு வருடம் கழித்து, அதே சிட்னியில், இந்தியாவுக்கு எதிராகத்தான் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் தன் முதல் டெஸ்டை ஆடினார். அப்போது வார்னுக்கு 22 வயது. லெக் ஸ்பின் பழுக்க வயது வேண்டும். விரலைவிட மணிக்கட்டை நம்பிய கலை அது. பந்து கையை விட்டுப் போகும் இடம் ஒரு நூல் பிசகினாலும் அடி விழும். நம் பையனை 17 வயதில் இறக்கிவிட்டு 20 வயதில் கைவிட்டோம். இது இந்திய கிரிக்கெட் செய்த அநியாயம் என்றே நான் சொல்வேன். 1987 உலகக் கோப்பையில் ஒரு சின்ன வாய்ப்பு கிடைத்தது. அத்தோடு சரி.

2000 நவம்பரில் வங்கதேசம் தன் முதல் டெஸ்டை டாக்காவில் ஆடியபோது சிவா வர்ணனை மைக்கைப் பிடித்தார். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குரல் கேட்டது. லெக் ஸ்பின்னர் மைக்குக்குப் போவது புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ 63 டெஸ்டில் 248 விக்கெட் எடுத்தவர். 1956 சுற்றுப்பயணம் முடிந்ததும் லண்டனிலேயே தங்கி பிபிசியில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, உலகமே வியக்கும் வர்ணனையாளர் ஆனார். அமெரிக்காவில் கிறிஸ் காலின்ஸ்வொர்த் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், 1981 முதல் 1988 வரை சின்சினாட்டி அணிக்கு ஆடிவிட்டு, நாட்டின் முன்னணி விளையாட்டு வர்ணனையாளர்களில் ஒருவரானார். ஆடியவர்களுக்கு மட்டும் தெரியும் சில விஷயங்கள் இருக்கின்றன. பந்து வீசுமுன் மணிக்கட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, கூக்ளி வரும்போது தோள் எப்படிச் சாய்கிறது என்றெல்லாம் சிவா சொல்லும்போது, வெறும் ஸ்கோர் சொல்கிறவரிடம் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்தது.

தன் கருப்பு நிறத்துக்காக வாழ்நாள் முழுக்க ஒதுக்கலைச் சந்தித்ததாக 2021இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் நம் நாட்டிலேயே நடந்தது என்றார். அதைச் சொல்லத் துணிவு வேண்டும். அவருடைய விக்கெட் கணக்கோடு அதையும் சேர்த்தே நாம் எழுதி வைக்க வேண்டும்.

ஒன்று உறுத்துகிறது. சிவா பெரும்பாலும் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் நேர்முக வர்ணனை நம்மால் முடியும் என்று வானொலியில் காட்டியவர்களில் எங்கள் குமரி மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முக்கியமானவர். அவரால் நமக்கு கிரிக்கெட்டுக்குத் தமிழ்க் குரல் கிடைத்தது. கால்பந்துக்கு?

குமரி மாவட்டக் கடற்கரையில் கால்பந்துதான் முதல் ஆட்டம். தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர்களில் மணலில் பந்து உதைக்காத பையன் இல்லை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்காக ஆடி 2017-18 ஐ-லீக் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் விருது பெற்றார். ஜாம்ஷெட்பூருக்குப் போனார், பிறகு கொல்கத்தாவின் ஏடிகே அணியில் சேர்ந்து 2019-20 ஐஎஸ்எல் பட்டம் வென்றார். 2020 நவம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக முழங்காலில் காயம் பட்டது. கால்பந்து வீரனின் வாழ்க்கை ஒரு முழங்காலில் தொங்குகிறது. ஆட்டம் நின்ற பிறகு அவர்களுக்குத் தெரிந்தவை எங்கே போகும்? பயிற்சியாளர் வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

கோணத்தில் இருக்கும் நாகர்கோவில் வானொலிக்கு ஒரு வேண்டுகோள். கடலோர ஊர்களில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளில் வருடத்துக்கு ஒன்றையாவது நேரடியாக ஒலிபரப்புங்கள். இந்த மண்ணில் ஆடி ஓய்ந்த வீரர் ஒருவரை அழைத்து மைக் முன் உட்கார வையுங்கள். அவர் தம் ஊர்த் தமிழிலேயே பேசட்டும்.