வானத்தில் ஓர் ஆசியா

அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் என் வகுப்பில் ஆசியா என்றொரு பிள்ளை. வானத்திலும் ஓர் ஆசியா உண்டு என்றதும், "என்ட பேரா சேர்?" என்றாள்.

1861 ஏப்ரல் 17ஆம் திகதி சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் நோர்மன் பொக்சன் கண்டுபிடித்த சிறுகோள் அது. அவர் இங்கிலாந்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நட்சத்திர வரைபடத்தோடு வானத்தை ஒப்பிட்டு, இடம்மாறும் புள்ளியைப் பிடிப்பதே அக்கால முறை. சிறுகோள் வரிசையில் 67ஆவது. ஆசியாக் கண்டத்திலிருந்து காணப்பட்டதில் முதலாவது. அதனாலேயே அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு நீர்மகள் இருப்பதால், பெண் தெய்வங்களின் பெயரிடும் வழக்கமும் கெடவில்லை. நம் பிள்ளையின் பெயரோ பிர்அவ்னின் மனைவியுடையது. ஒலி ஒன்று, வழி வேறு.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறக்குறைய மூன்றேமுக்கால் வருடம். கண்டுபிடித்த பின் நாற்பது தடவைக்கு மேல் சுற்றிவிட்டது.

பொக்சன் தொலைநோக்கியில் கண் வைத்திருந்த அந்த வருடங்களில்தான் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கடல் கடந்து, காடு வழியே மலையேறினார்கள். என் பூட்டனும் அப்படி வந்தவர்தான் என்பார் தகப்பனார். பூட்டனின் பெயர் அவருக்கும் தெரியாது.

"உன் பூட்டியின் பெயரை நாளைக்குக் கேட்டு வா" என்று ஆசியாவை அனுப்பினேன்.