கோபன்ஹேகனில் ஒரு பொன்னோலை

மலாக்கா நகருக்கு வருவோர் ஸ்டாட்ஹைஸ் மாளிகையைக் கண்டு ஒல்லாந்தரை நினைவுகூர்வர். கடல்கடந்து வந்த வணிகர் தாம் தங்கிய ஊரில் தம் சுவட்டைப் பதித்துச் செல்வது வரலாற்றில் இயல்பு. தமிழின் சுவடு அவ்வணிகரின் தலைநகரிலேயே பதிந்திருப்பதோ அரிது. டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகன் அத்தகைய நகரங்களுள் ஒன்று.

அந்நகருக்குச் செல்லும் தமிழரின் கருத்தை முதலில் ஈர்ப்பவை கால்வாய்களும், பச்சை பூத்த செப்புக் கூரைகளுமே. நான்கு பறவைநாகங்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு வானோக்கி எழுந்தாற்போன்ற கோபுரத்துடன் அங்கே பழைய வணிகமன்றம் விளங்கியது. 2024 ஏப்ரலில் மூண்ட தீயில் அக்கோபுரம் சரிந்தது. அம்மன்றத்தை எழுப்பிய நான்காம் கிறிஸ்டியன் மன்னரே 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் அளித்தவர். அதன் கப்பல்கள் 1618இல் ஓவே கெட்டேயின் தலைமையில் புறப்பட்டன. கண்டி மன்னரோடு வாணிகம் செய்யும் எண்ணம் கைகூடாமற்போகவே, அவர்கள் தஞ்சையை நாடினர். 1620இல் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் மிளகு ஏற்றுமதி செய்யவும் இசைவளித்தார்.

அவ்வாண்டில் நாயக்கர் டேனிய மன்னருக்கு விடுத்த திருமுகம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. பனையோலை வடிவில் அமைந்த பொன்தகட்டில் பொறிக்கப்பட்டது அது. பொன்னினும் வியப்புக்குரியது அதன் மொழியே. நாயக்கரின் தாய்மொழி தெலுங்கு. அவரே தெலுங்கில் நூலியற்றிய புலவர். ஒப்பத்தையும் தெலுங்கிலேயே இட்டார். எனினும் அயல்நாட்டு வேந்தருக்குச் சென்ற அத்திருமுகத்தின் வாசகம் தமிழில் அமைந்தது. தமிழைச் சமயத்துக்கும் கவிதைக்கும் மட்டுமே உரிய மொழியென எண்ணுவோர் இவ்வோலையைக் கருதுதல் வேண்டும். நாடாள்வோரின் வீட்டுமொழி வேறாயிருந்தும், நாட்டு மக்களின் மொழியே கடல்கடந்த அரசியலுக்கும் வாணிகத்துக்கும் கருவியாயிற்று.

ஓலைக்குப் பின் மனிதரும் சென்றனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1714இல் ஐரோப்பாவுக்குத் திரும்புகையில் மலையப்பன் என்னும் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். தமிழ்ப் பேச்சு அற்றுப்போகாதிருக்க ஒரு தமிழர் அருகிருத்தல் அவருக்கு இன்றியமையாததாயிற்று. அலைமேல் பல திங்கள் கழித்து, 1715இல் நோர்வேயின் பெர்கன் துறையில் இறங்கினர். ஆனித் திங்களில் அங்கே நள்ளிரவிலும் வானம் முற்றாக இருள்வதில்லை. பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்து நிற்கும் சோழநாட்டுக் கரையில் வளர்ந்தவருக்கு அக்காட்சி எவ்வளவு புதுமையாய் இருந்திருக்கும்! கோபன்ஹேகனில் அப்போது மன்னர் இல்லை. சுவீடனோடு போர் நிகழ்ந்ததால், நான்காம் பிரெடரிக்கைச் சீகன்பால்கு ஸ்ட்ரால்சுண்டு பாசறையிலேயே கண்டார். மறு ஆண்டில் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஆலே நகரில் அச்சேறியது. நூலின் முகப்பில் விளங்குவது சீகன்பால்கின் பெயர் மட்டுமே.

1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் வசமானது போலவே, 1845இல் தரங்கம்பாடியும் விலைக்கு விற்கப்பட்டு அவர்களிடம் சேர்ந்தது. கோட்டையும் தெருக்களும் கைமாறின. பொன்னோலை கோபன்ஹேகனிலேயே தங்கிற்று.