ஊமைப் படமும் நந்தன் கதையும்

தமிழகத்து ஊமைப் படங்களை ஆராயப் புகுவார் முதற்கண் எதிர்கொள்வது மூலமின்மையே. ஆர். நடராச முதலியாரின் ‘கீசகவதம்’ தொடங்கிப் பதினைந்தாண்டுகளில் தோன்றிய படங்கள் அனைத்தும் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. தென்னாட்டு ஊமைப் படங்களுள் முழுமையாக எஞ்சியது 1933-இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே என்பர். அழிந்தவற்றுள் இலக்கிய ஆராய்ச்சியாளர் சிறப்பாகக் கருதத்தக்கது, 1930-ஐ ஒட்டிப் பி. கே. ராஜா சாண்டோ இயக்கிய ‘நந்தனார்’.

ராஜா சாண்டோ புதுக்கோட்டையிற் பிறந்தவர். உடற்பயிற்சியில் வல்லவராய்ப் பம்பாய் சென்று, அங்கு ஊமைப் பட நடிகராய்ப் புகழ் பெற்றார். பின் சென்னையில் ஆர். பத்மநாபனின் நிறுவனத்திற்காகப் படங்களை இயக்கினார்.

நந்தன் கதைக்குத் தமிழில் இரு வடிவங்கள் உள. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்பவர்; தில்லைக்குப் போக அவரைத் தடுக்கும் நிலக்கிழார் அங்கு இல்லை. அவ்வேதியரைப் படைத்தவர் 19-ஆம் நூற்றாண்டினரான கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலியையும் ஓரிரவில் உழுது பயிரிட்டு முடித்தாலன்றித் தில்லைக்குச் செல்லலாகாது எனத் தடுத்த வேதியர், இறையருளால் வயல் விளைந்தமை கண்டு நந்தனை வணங்குகிறார். எனவே, புராணத்தில் தொண்டர் ஒருவரே உய்கிறார். கீர்த்தனையிலோ கொடுமை செய்தவரும் உய்கிறார்.

இங்ஙனம் இசையால் வளர்ந்த கதையை ஊமைப் படம் எவ்வாறு தாங்கிற்று? அக்காலக் கொட்டகைகளில் இசைக்கருவியாளர் உடன் வாசிப்பர். எழுத்தறியாதாருக்குத் திரையிலுள்ள எழுத்துகளை ஒருவர் உரக்கப் படித்து விளக்குவர். ஆகவே படச்சுருள் கிடைப்பினும், கொட்டகைக்குக் கொட்டகை வேறுபட்ட அவ்விசையும் உரையும் நமக்குக் கிட்டா. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த பேசும் படங்களே பாடலைத் திரைக்கு மீட்டன.

சமயத்தின் பெயரால் நிகழும் தீமையை ராஜா சாண்டோ பின்னரும் கையாண்டார். மடத்துத் தலைவரின் ஒழுக்கக்கேட்டைக் காட்டும் ‘சந்திரகாந்தா’ (1936) அவர் இயக்கியதே, புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அதில் நடித்தார். மதுரைக் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939-இல். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே, கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட அடியார் கதை கொட்டகைதோறும் காட்டப்பெற்றது என்பது சிறு செய்தியன்று.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்தபின் ஊமைப் படங்கள் விலை போகாப் பொருளாயின. எளிதில் தீப்பற்றும் அப்படச்சுருள்களைப் பேணுவார் இலர். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதோ 1964-இல். கீர்த்தனைக்கும் பேசும் படத்திற்கும் இடையே நின்ற இவ்விணைப்பு இவ்வாறே அறுந்தது. துண்டு விளம்பரம், தணிக்கைக் குறிப்பு, பழைய இதழ் ஆகியவற்றையும் சுவடிகளோடு ஒப்பத் தேடித் தொகுத்தல் தமிழ்த் துறைகளின் கடன் என்பது எம் துணிபு.