டம்டம் குண்டு

வேட்டைப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், வெகு காலத்துக்கு முன், என் கையில் இரண்டு 303 தோட்டாக்களை வைத்தார். ஒன்று பட்டாளத்துக்கு, மற்றது வேட்டைக்கு. வேற்றுமை நுனியில்தான். பட்டாளத்துக் குண்டை உலோக உறை முழுவதும் மூடியிருந்தது. அது உடலைத் துளைத்து அப்பால் போய்விடும். வேட்டைக் குண்டின் நுனியில் ஈயம் தெரிந்தது. பட்டதும் விரிந்து, விலங்கை நெடுநேரம் துடிக்கவிடாமல் சாய்த்துவிடும். "அதுதான் கருணை" என்றார் நண்பர்.

இந்தக் 'கருணை' மனிதனுக்கும் கிடைத்ததுண்டு. 1895-ல் நடந்த சித்ரால் போரில், முழு உறைக் குண்டு பட்ட எல்லைப்புற வீரர்கள் விழாமல் பாய்ந்து வந்தார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் குறைப்பட்டார்கள். உடனே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் காப்டன் பெர்ட்டி-க்ளே நுனி திறந்த குண்டைச் செய்தார்.

1899-ல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. 'நாகரிகமற்றவன்' சாதாரணக் குண்டுக்கு நிற்கமாட்டான் என்று வாதாடிய பிரிட்டன், 1907-ல்தான் இணங்கியது. அந்தத் தடையும் உடன்பட்ட நாடுகள் தமக்குள் செய்யும் போருக்கு மட்டுமே!

எல்லைப்புறத்து மனிதனை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்? அந்த ஈய நுனியைப் பார்த்தாலே தெரிகிறது.