கப்பல் யாருக்காகக் காத்திருந்தது?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நாலு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். அப்புறம் தோகாவில் வேலை கிடைத்தது. ஏஜென்ட் கையில் கொடுத்தது இரண்டு டிக்கெட். சென்னை–மும்பை ஒன்று, மும்பை–தோகா இன்னொன்று. நடுவில் மூன்று மணி நேரம். "தாராளமா போதும் தம்பி" என்றார்.

சென்னையிலேயே ஒன்றரை மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கி, பெட்டி வரும்வரை நின்று, அதை இழுத்துக்கொண்டு ஓடினால் கவுண்டரை மூடிவிட்டார்கள். என் பக்கத்து சீட்டில் வந்தவரும் அடுத்த விமானத்தைத் தவறவிட்டிருந்தார். ஆனால் அவருடையது ஒரே டிக்கெட். மறுநாள் விமானத்தில் இடமும், அன்றிரவு தங்க அறையும் அவருக்குக் கிடைத்தன. எனக்குக் கிடைத்த பதில்: அந்த டிக்கெட் வேறு, இந்த டிக்கெட் வேறு. அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பிய பணத்தில்தான் மறுபடி டிக்கெட் எடுத்தேன்.

இணைப்பு தவறினால் நஷ்டம் யாருடையது? இந்தக் கேள்வி விமானத்துக்கு முந்தியது. தோகாவில் விடுமுறை வெள்ளிக்கிழமைகளில் படித்தபோதுதான் அது தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறினார்கள். கரையோரம் ஆழமில்லை, கப்பல் கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ரயில் ஒரு கம்பெனி, கப்பல் வேறு கம்பெனி.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கதை மாறியது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே துறைமேடை வரை ரயில் போகும். இறங்கினால் எதிரே கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். இதைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற அந்த நீராவிக் கப்பல்களை வைத்திருந்தது தென்னிந்திய ரயில்வேயேதான். ரயிலும் கப்பலும் ஒரே முதலாளியுடையவை என்றால், ரயில் தாமதமானால் கப்பலைக் காக்க வைப்பதும் அவர்கள் கவலைதானே. பயணி எதற்கு ஓட வேண்டும்?

ஆனால் எல்லாப் பயணிகளுக்கும் அப்படி இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபத்திலேயே இறக்கிவிட்டார்கள். அங்கே இலங்கை அரசின் முகாம். அம்மை குத்தி, துணிகளைக் கிருமிநீக்கம் செய்து, சில நாள் வைத்திருந்துதான் அக்கரைக்கு அனுப்பினார்கள். போன வழி ஒன்றுதான். டிக்கெட் எடுத்தவருக்குக் கப்பல் காத்திருந்தது. கூலிக்காரர் கப்பலுக்காகக் காத்திருந்தார்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போர் அதையும் நிறுத்தியது. அதே மண்டபத்தில் ஈழ அகதிகள் வந்து இறங்கினார்கள்.

விமானங்களுக்கும் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்தது. பல நிறுவனங்களின் விமானங்களில் மாறி மாறிப் போனாலும், சம்பந்தப்பட்டவர்கள் அதை ஒரே பயணமாகக் கருதியிருந்தால், அது பிரிக்க முடியாத ஒரே பயணம்தான் என்று 1929 வார்சா உடன்படிக்கை எழுதிவைத்தது. 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. என் விஷயத்தில் சென்னையிலிருந்து தோகா வரைக்கும் ஒரே பயணம் என்று கருதியவன் நான் ஒருவன்தான். இரண்டு விமான நிறுவனங்களுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாது. டிக்கெட் விலையில் மிச்சமான சில ஆயிரம் ரூபாய்க்கு, காத்திருக்க வைக்கும் உரிமையை எனக்காக ஏஜென்ட் விற்றுவிட்டிருந்தார்.

இப்போது சிப்காட் பஸ் ஸ்டாப்பில் வளைகுடா போகும் பையன்கள் டிக்கெட்டைக் காட்டினால், விலையைக் கேட்பதில்லை. "ரெண்டு விமானத்துக்கும் ஒரே பி.என்.ஆர்.தானா?" என்று கேட்கிறேன். இல்லையென்றால், நடுவில் ஒரு ராத்திரியாவது விட்டு எடுக்கச் சொல்கிறேன். "அவ்வளவு நேரம் அங்க உக்காந்து என்னண்ணா பண்றது?" என்கிறார்கள்.

மண்டபத்தில் காத்திருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பையன்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.