பால்மரக் காடாக இருந்த பங்சாரும் நம்ம செனாவாங்கும்

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ, கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, பங்சார் முழுக்கப் பணக்காரங்க வீடு. அங்க எப்படி நம்ம அம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருக்கு?"

நல்ல கேள்வி. எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் இங்கே எழுதுகிறோம்.

இன்றைக்குப் பங்சாரில் ஒரு பங்களா வாங்க மில்லியன் கணக்கில் வெள்ளி வேணும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னே அது பட்டணத்து ஓரத்தில் இருந்த ரப்பர் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் சேர்ந்துதான் 'பங்சார்' ஆனது என்று சொல்வார்கள். அங்கே விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் நம்ம ஆட்கள். கங்காணி கூட்டிவர, கப்பலேறி வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை அந்த ஆள்கட்டு நடந்தது. லயத்தில் குடியிருந்தார்கள், மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள்.

பட்டணம் வளர்ந்தது. 1960-களின் கடைசியிலிருந்து பங்சார் பாரு, புக்கிட் பண்டாராயா என்று வீடமைப்புகள் எழுந்தன. பால்மரமும் போச்சு, லயமும் போச்சு. மரம் வெட்டினவன் பேரன் அதே மண்ணில் வீடு வாங்க முடியலை. முதலாளிகள் பேரு ஊருக்கு நின்னுச்சு. நம்ம பாட்டன் பேரு எந்தச் சாலைக்கும் இல்லை. அவங்க இருந்ததுக்குச் சாட்சியாக நிற்பது கோயிலும் பள்ளியும்தான்.

நம்ம செனாவாங் கதையும் இதேதானே! தோட்டம் இருந்த பக்கம் இப்போ தொழிற்பேட்டை, தாமான், நெடுஞ்சாலை டோல். இங்கே வீட்டு விலையும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கு. நிலத்துக்கு விலை ஏறும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, "கோயிலுக்குக் கிராண்ட் இருக்கா?" என்பதுதான். தோட்டத்துக் கோயில்கள் பல, துரையின் வாய்வார்த்தையை நம்பிக் கட்டியவை. தோட்டம் கைமாறினால் வாய்வார்த்தை செல்லாது. கோயில் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று காட்டக் காகிதம் வேணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியைக் கொஞ்சம் பாருங்கள். பழைய திருவிழா நோட்டீஸ், கும்பாபிஷேகப் பத்திரிகை, வரி ரசீது, கோயில் முன்னால் எடுத்த கல்யாணப் படம், தாத்தாவின் செக்ரோல் சீட்டு, எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கொண்டு வாங்க. நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்க கையிலேயே அன்றைக்கே கொடுத்துவிடுவோம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைச்சுக்கிட்டு வாங்க. அவர் சொல்வதை நாங்க உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம்.

கோபுரத்துக்கு வர்ணம் அடுத்த வருஷம்கூட அடிக்கலாம். பாட்டியின் ஞாபகம் அதுவரை காத்திருக்காது.

அம்மன் துணை.
உங்கள் கோயில் தொண்டர்கள், செனாவாங்