எதிரியின் வானில் தப்பி, சொந்த மண்ணில் மாண்டவர்கள்

விமான விபத்து என்றதும் புயலும் இடியும் மின்னலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காற்றே அசையாத அமைதியான இரவுகளும் விமானிகளுக்கு யமனாக வந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை சந்தித்த, பின்னர் 'கறுப்பு வியாழன்' என்று அழைக்கப்பட்ட இரவு இதற்குச் சான்று.

1943 டிசெம்பர் 16ஆம் திகதி மாலை, 483 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து பேர்லின் நோக்கிப் புறப்பட்டன. தாக்குதலில் 25 விமானங்கள் இழக்கப்பட்டன. எஞ்சியவை நாடு திரும்பியபோது அவற்றின் தளங்களைத் தாழ்ந்த முகிலும் பனிமூட்டமும் மூடியிருந்தன. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது; ஓடுபாதையோ கண்ணுக்குத் தெரியவில்லை. சுமார் 30 விமானங்கள் இங்கிலாந்து மண்ணில் வீழ்ந்து நொறுங்கின, அல்லது அவற்றைக் கைவிட்டு விமானிகள் பரசூட் மூலம் குதித்தனர். ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். போர்ண் தளத்தைச் சேர்ந்த 97ஆவது படைப்பிரிவு எதிரியின் வானில் இழந்த விமானம் ஒன்று. வீடு திரும்பும்போது இழந்தவை ஏழு.

அவர்கள் ஒரு நகரத்து மக்கள் மீது குண்டு வீசிவிட்டுத் திரும்பியவர்கள் என்பதை நான் மறந்துவிடவில்லை. வானத்திலிருந்து குண்டு விழுவது எப்படி என்பதை அறிந்த ஒரு நாட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். ஆயினும், பீரங்கிக்கும் இரவுநேரச் சண்டை விமானங்களுக்கும் தப்பி வந்த இருபது வயது இளைஞர்கள், தம் சொந்தத் தளத்தின் மேலேயே வழிதெரியாது வட்டமிட்டு மாண்டதை வாசிக்கையில் மனம் கனக்கவே செய்கிறது.

இத்தகைய பனிமூட்டம் உருவாவது எவ்வாறு? வழமையாக, மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. ஒரு கிலோமீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ். ஆனால் முகிலற்ற, காற்றோட்டமற்ற நீண்ட குளிர்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. நிலத்தைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்துபோக, அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவே இருக்கிறது. ஒழுங்கு தலைகீழாகிறது. இதனையே வெப்பநிலை நேர்மாறல் என்பர். கனமான குளிர்காற்று மேலெழ முடியாமல், பானைக்கு மூடியிட்டதுபோல அடியிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு பனிமூட்டமாகிறது. புகையும் அதற்குள்ளேயே சிறைப்படுகிறது.

இதில் விமானியை ஏமாற்றும் ஒரு விடயம் உண்டு. 100 மீற்றர் தடிப்பான பனிப்படலத்தை நேர் மேலேயிருந்து பார்த்தால் ஓடுபாதை விளக்குகள் மங்கலாகவேனும் தெரியக்கூடும். ஆனால் தரையிறங்கும் விமானம் 3 பாகைச் சரிவில் வருகிறது. அந்தச் சாய்வில் அதே படலத்தினூடாக ஏறத்தாழ 1,900 மீற்றர் தூரம் பார்க்க வேண்டும். மேலிருந்து கண்ட விளக்கு, இறங்கும்போது மறைந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் காணுமாறு 1942 செப்டெம்பரிலேயே சேர்ச்சில் பணித்திருந்தார். அதன் விளைவே 'ஃபைடோ' என்ற ஏற்பாடு. ஓடுபாதையின் இருமருங்கிலும் குழாய்களைப் பதித்துப் பெற்றோலை எரித்தனர். காற்று சில பாகை சூடானால் பனித்துளிகள் ஆவியாகிவிடும் என்பதே தத்துவம். 1943 நவம்பரில் கிரேவ்லி தளத்தில் நான்கு ஹலிபக்ஸ் விமானங்கள் இவ்வாறு முதன்முதலாகப் போர்ப்பணியிலிருந்து திரும்பி இறங்கின. ஆனால் அடுத்த மாதம் கறுப்பு வியாழன் வந்தபோது, அவ்வசதி கொண்ட தளங்கள் மிகச் சிலவே இருந்தன. பின்னர் அது பிரித்தானியாவில் 15 தளங்களுக்கு விரிவடைந்தது; சுமார் 2,500 விமானங்கள் அந்தத் தீச்சுவர்களுக்கிடையே பத்திரமாக இறங்கின. செலவோ கொஞ்சநஞ்சமன்று. மணிக்கு ஒரு இலட்சம் கலன் வரை பெற்றோல் எரிந்தது. போர்க்காலம் மட்டுமே தாங்கக்கூடிய செலவு அது.

சமாதான காலம் வேறு வழியைத் தேடியது. பனியை அகற்றுவதற்குப் பதிலாக, கண்ணின் உதவியின்றி இறங்கும் கருவிகளை உருவாக்கினர். 1965 ஜூன் 10ஆம் திகதி, பரிஸிலிருந்து பயணிகளுடன் வந்த டிரைடன்ட் விமானம் ஒன்று லண்டன் ஹீத்ரோவில் தானியங்கி முறையில் தரைதொட்டது.

அத்துடன் ஆபத்து நீங்கிவிட்டதா? இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி அல்ப்ஸ், அப்பெனைன் மலைகளுக்கிடையே கிடக்கும் ஒரு பெரும் பள்ளம், பனிமூட்டத்துக்குப் பேர்போனது. அங்கே மிலான் நகரின் லினாட்டே விமான நிலையத்தில், 2001 ஒக்டோபர் 8ஆம் திகதி காலை, பனிமூட்டத்தில் வழிதவறிய சிறிய விமானம் ஒன்று ஓடுபாதைக்குள் நுழைந்தது. மேலெழும்பிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் அதனுடன் மோதியது. 118 பேர் இறந்தனர். தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ராடர் அன்று இயக்கத்தில் இருக்கவில்லை. வானிலிருந்து இறங்குவதற்குக் கருவி கண்ட மனிதன், தரையில் யார் எங்கே நிற்கிறார் என்று அறியும் கருவியைக் கவனியாது விட்டான்.

பனிமூட்டத்தால் விமானம் தாமதம் என்ற அறிவித்தலைக் கேட்டுப் பயணிகள் முணுமுணுப்பதைப் பல விமான நிலையங்களில் கண்டிருக்கிறேன். அவ்வேளைகளில் எனக்கு நினைவுக்கு வருவது 1943இன் அந்த இளைஞர்கள்தான். காத்திருக்க அவர்களிடம் எரிபொருள் இருக்கவில்லை. நமக்கு அந்த நெருக்கடி இல்லை; சூரியன் ஏறி நிலம் சூடாகும்வரை, சில மணி நேரம் இருந்து போகலாம்.